சமயக் கல்வியும் சமயங்களைப் பற்றிய கல்வியும்

தில்லிப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரித்திரம் கற்பித்தவன் என்பதால், நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர்கள் என்னிடம் இரண்டு குறைகளை அடிக்கடி சொல்வதுண்டு. "ஸார், ஸ்கூலில் நம் சாமி, நம் பண்டிகை எதையும் சொல்லித் தருவதில்லையே, பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் வளர்கிறார்களே" என்பது ஒன்று. "எங்கள் பெண்ணுக்குப் பரீட்சையில் நபிகள் நாயகத்தைப் பற்றியும் ஏசுநாதரைப் பற்றியும் கேட்கிறார்கள், இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே அன்பர் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு.

இரண்டுக்கும் அடிப்படையான குழப்பம் ஒன்றுதான். ஒரு சமயத்தைக் கற்பிப்பது வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு. ரமலான் மாதத்தில் நோன்பிருப்பது இறைவன் உனக்கு இட்ட கடமை என்று மௌல்வி தம் மாணவனுக்குச் சொன்னால் அது முதல் வகை. முஸ்லிம்கள் ரமலான் மாதத்தில் விடியல் முதல் சூரியன் மறையும் வரை உண்ணாமல் நீர் அருந்தாமல் இருக்கிறார்கள், அவர்களுடைய பஞ்சாங்கம் முழுக்கச் சந்திரனைக் கொண்டது, ஆகவே அந்த மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வந்துகொண்டே இருக்கும் என்று நான் வகுப்பில் சொன்னால் அது இரண்டாம் வகை. முதலாவது வீட்டுக்கும் வழிபாட்டுக்கூடத்துக்கும் உரியது. இரண்டாவது பள்ளிக்கூடத்தின் வேலை. இந்தக் கட்டுரையில் நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு இதற்கென்றே உள்ளது. முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது அதன் முதல் உட்பிரிவு. ஏதேனும் அறக்கட்டளையால் சமய போதனைக்கென்றே நிறுவப்பட்டு, நிர்வாகம் மட்டும் அரசிடம் இருக்கும் நிலையங்களுக்கு இரண்டாவது உட்பிரிவு விலக்குத் தருகிறது. மூன்றாவதுதான் பெற்றோர்கள் மனத்தில் வைக்க வேண்டியது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியானாலும் அரசு உதவி பெறும் பள்ளியானாலும், அங்கே நடக்கும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளை மைனராக இருந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். அங்கீகாரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். தில்லியில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டிக்கொண்டு பொதுமக்களுக்கு எட்டாத கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளும் இதில் அடக்கம்.

அப்படியானால் வகுப்பில் புத்தரைப் பற்றிப் பேசுவதே சட்ட விரோதம் ஆகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். இதே ஐயம் அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. 1948 டிசம்பரில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர், ஒரு சமயத்தின் கோட்பாட்டை நம்பும்படி போதிப்பதையும் அதை ஆராய்ந்து படிப்பதையும் பிரித்துக் காட்டினார். பின்னாளில் உச்ச நீதிமன்றமும் அதே பாதையில் சென்றது. அமிர்தசரஸில் குருநானக் பெயரில் 1969இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தின் சட்டத்தில் அவருடைய வாழ்க்கையையும் உபதேசங்களையும் ஆராய ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அதை எதிர்த்து டி.ஏ.வி. கல்லூரி தொடுத்த வழக்கில் 1971இல் தீர்ப்பு வந்தது. ஒரு ஞானியின் வாழ்வையும் அவர் ஏற்படுத்திய பண்பாட்டுத் தாக்கத்தையும் படிப்பது சமய போதனை ஆகாது என்பது அதன் சாரம்.

கமிஷன்களும் இதையே சொல்லி வந்திருக்கின்றன. திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப் படிப்பின் முதலாண்டில் மாணவர்கள் படிக்க வேண்டிய பெரியோர் வரலாறுகளுக்கு ஒரு பட்டியல் தந்தது. அதில் புத்தர், கன்பூசியஸ், ஜரதுஷ்டிரர், சாக்ரடீஸ், ஏசு, முகம்மது நபி, கபீர், நானக், காந்தி ஆகியோருடன் சங்கரர், இராமானுஜர், மத்வர் மூவரும் இருந்தார்கள். 1964-66இல் பணியாற்றிய கோத்தாரி கமிஷன் இன்னும் தெளிவாக, சமயக் கல்வியை அரசு தர இயலாது, சமயங்களைப் பற்றிய கல்வியைத் தரலாம், தரவும் வேண்டும் என்றது. ஒவ்வொரு சமயத்துக்கும் அதை நன்கறிந்த அறிஞர்களைக் கொண்டு நாடு முழுமைக்கும் பொதுவான பாட நூல்கள் தயாரிக்கவும் பரிந்துரைத்தது. அந்த யோசனை பெரும்பாலும் ஏட்டிலேயே தங்கிவிட்டது.

2000ஆம் ஆண்டில் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பாடத்திட்ட வடிவமைப்பில் சமயங்களைப் பற்றிய கல்வி மீண்டும் இடம் பெற்றது. இதன் வழியே ஒரு சமயத்தின் சார்பு பாடத்தில் நுழைந்துவிடும் என்று அஞ்சி, அருணா ராய் முதலியோர் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2002 செப்டம்பர் 12 அன்று வந்த தீர்ப்பு, சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது 28ஆவது பிரிவுக்கு முரணானது அல்ல என்றது. அதே மூச்சில், அது போதனையாக மாறிவிடாமல் காக்க வேண்டும் என்றும் எச்சரித்தது. தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. வழக்குத் தொடுத்தவர்களின் அச்சத்தையும் நான் ஒதுக்க மாட்டேன். சட்டம் அனுமதிக்கிறது என்பதால் வகுப்பறையில் அது நேர்மையாக நடந்துவிடும் என்று சொல்ல முடியாதல்லவா?

எல்லை எப்போதும் தெளிவாக இருப்பதும் இல்லை. கேந்திரிய வித்யாலயங்களின் காலைப் பிரார்த்தனை வழிபாடா, பொதுவான நல்லுரையா என்ற வழக்கை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பினார்கள். பிரார்த்தனை என்பது செய்வது, பாடம் என்பது அறிவது. என் கவலை இங்கே பாடத்தைப் பற்றியது.

பேசாமலிருந்தால் என்ன ஆகும்?

வம்பு எதற்கு, பள்ளிக்கூடம் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லித் தந்தால் போதாதா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். 1984 நவம்பரில் தில்லியில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட சில நாட்களுக்குப் பிறகு பள்ளிகள் திறந்தன. என் எட்டாம் வகுப்பில் சீக்கியச் சிறுவர்கள் இருவர் முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். புது கிராப்பு நன்றாயிருக்கிறதே என்றான். அவன் பொல்லாத பையன் அல்ல, அவனுக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது. மூன்று ஆண்டுகளாக அந்த இருவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பராத்தா பகிர்ந்து தின்றவன்.

அன்று நான் பானிபட் யுத்தத்தை ஒத்திவைத்துவிட்டு 1699ஆம் ஆண்டு பைசாகி நாளுக்குப் போனேன். ஆனந்தபூரில் குரு கோவிந்த சிங் கால்ஸாவை நிறுவியதையும், கேசம், சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்கால் உடை, கிர்பான் என்ற ஐந்து அடையாளங்களையும், கேசம் களையாமை ஏன் முதலில் நிற்கிறது என்பதையும் சொன்னேன். அந்தச் சிறுவர்களின் பக்கம் நான் பார்க்கவில்லை, அவர்களிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. மணி அடித்த பிறகு, சிரித்த பையன் எழுந்து போய் அவர்களுக்கு அருகே உட்கார்ந்துகொண்டான். அவ்வளவுதான் நடந்தது. பாடம் ஊரைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கொலை செய்தவர்களுக்குச் சீக்கியரின் கேசம் பற்றி நன்றாகவே தெரிந்திருந்தது, அதைப் பார்த்துத்தான் ஆளைப் பிடித்தார்கள். ஆனால் ஒரு வகுப்பறைக்குள் அறியாமை எவ்வளவு வலியைத் தரும் என்பதை அன்று பார்த்தவன் நான்.

பேசினாலும் ஆபத்து வருவதுண்டு. 2008இல் கேரளத்தின் ஏழாம் வகுப்புச் சமூகவியல் நூலில், பெற்றோர் இருவரும் வெவ்வேறு மதத்தில் பிறந்தவர்களாக இருந்து, பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்கு மதம் எதுவும் குறிக்க வேண்டாம் என்று சொல்வதாக ஒரு சிறு பகுதி வந்தது. மதமில்லாத ஜீவன் என்பது அதன் தலைப்பு. அதற்கெதிரான போராட்டத்தின்போது மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலைமையாசிரியர் தாக்கப்பட்டு உயிர் இழந்தார். பிறகு அந்தப் பகுதி திருத்தப்பட்டது. இப்படி ஒன்று நடந்தபின் ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டு பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் நடத்துவதில் என்ன வியப்பு?

பட்டியலில் இல்லாத ஐயனார்

நடைமுறையில் நம் பள்ளிகளில் நடப்பது பட்டியல் பாடம். கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு, மதத்தின் பெயர், நிறுவியவர், புனித நூல், வழிபாட்டு இடம் என்று நிரப்புவார்கள். கிறிஸ்தவம், ஏசு, பைபிள், சர்ச். இஸ்லாம், முகம்மது நபி, குர்ஆன், மசூதி. இந்து மதத்துக்கு வந்ததும் நிறுவியவர் கட்டத்தில் ஒரு கோடு, நூல் கட்டத்தில் வேதம் அல்லது கீதை. மதிப்பெண் போட வசதி. வேறு எதற்கும் வசதியில்லை.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் சிறுமிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவள் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். உங்கள் வீட்டில் எந்தக் கடவுளை வணங்குகிறீர்கள் என்று ஆசிரியை கேட்க, அவள் "எங்கள் குலதெய்வம் ஐயனார், ஊருக்கு வெளியே மண் குதிரையோடு இருப்பார், ஆடியில் பொங்கல் வைப்போம்" என்று ஆசையாகச் சொல்லியிருக்கிறாள். அது கிராமத்து வழக்கம், மதம் இல்லை, சரியான விடையைச் சொல் என்று பதில் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, "அம்மா, நாம் இந்துவா இல்லையா?" என்று கேட்டாளாம்.

தஞ்சை, திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த நம்மில் பலருடைய வீட்டுச் சமயம் ஐயனாரும் மாரியம்மனும் சுடலைமாடனும் சேர்ந்ததுதான். அதே வீட்டில் தேவாரம் ஓதும் தாத்தாவும் இருப்பார், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட பாட்டியும் இருப்பார். இந்தச் செழிப்பைக் கட்டத்துக்குள் அடக்க முடியாது. மற்றச் சமயங்களும் அப்படித்தான். நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி கேட்டு உருகும் முஸ்லிமும் உண்டு, தர்கா வழிபாடே கூடாது என்னும் முஸ்லிமும் உண்டு. கேரளத்து சிரியன் கிறிஸ்தவரும் சோட்டா நாகபுரியிலிருந்து தில்லிக்கு வேலைக்கு வந்திருக்கும் லுத்தரன் சபைக்காரரும் ஏசுவைத் தொழுபவர்களே, ஆயினும் அவர்களுடைய வழிபாடும் மொழியும் பாட்டும் வேறு வேறு. விந்திய மலைக்குத் தெற்கே பிறந்த அத்தனை பேரையும் 'மதராஸி' என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டிய ஊரில் வாழ்ந்து பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நல்ல பாடத்துக்கு என்னிடம் உள்ள உரைகல் ஒன்றே ஒன்று. நான் விவரிக்கும் சமயத்தைச் சேர்ந்த ஒருவர் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டால், "ஆமாம், நாங்கள் இப்படித்தான்" என்று தலையசைக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வருவார். அவர் சைவச் சூழலில் வளர்ந்தவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்புக்கு உரியவர். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றிக் கேட்ட பிறகுதான் அந்த நூலில் இறங்கினார். அது ஜைன காவியம். சொற்கள் தமிழாக இருந்தும் பொருள் பிடிபடவில்லை. அவர் என்ன செய்தார்? கும்பகோணத்தில் வாழ்ந்த ஜைனர்களின் வீடுகளுக்கே போய், உங்கள் சமயத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். 1887இல் சிந்தாமணி பதிப்பு வந்தது. பிறகு மணிமேகலைக்காகப் பௌத்தத்தைப் படிக்க வேண்டியிருந்தபோது பேராசிரியர் ரங்காசாரியாரின் உதவியோடு படித்து, 1898இல் அந்த நூலையும் வெளியிட்டார். இத்தனையும் செய்தவர் கடைசிவரை நெற்றி நிறைய விபூதி பூசிய சைவராகவே இருந்தார். பிற சமயத்தைப் படித்தால் பிள்ளை தன் சமயத்தை விட்டுவிடுமோ என்று அஞ்சும் பெற்றோர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அமெரிக்காவிலும் இந்த அச்சம் எழுந்ததுண்டு. அங்கே பொதுப் பள்ளிகளில் பைபிள் வாசித்துப் பிரார்த்திப்பதை 1963இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதே தீர்ப்பில், சமயங்களைச் சார்பின்றிப் படிப்பதற்குத் தடையில்லை என்றும் சொன்னது. கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு உலகச் சமயங்கள் ஒரு கட்டாயப் பாடமானது. அதைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வு, மாணவர்களிடம் பிறர் உரிமையை மதிக்கும் எண்ணம் கூடியதாகவும், அவர்களுடைய சொந்த நம்பிக்கை கலையவில்லை என்றும் கண்டது.

ஒன்றரைக் கிலோமீட்டர் பாடம்

என் பணிக்காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளைச் சாந்தினி சௌக்குக்கு அழைத்துப் போவேன். செங்கோட்டைக்கு எதிரே ஜைனர்களின் லால் மந்திர், அதனுள்ளேயே அடிபட்ட பறவைகளுக்கு ஒரு மருத்துவமனை. அடுத்தாற்போல் கௌரிசங்கர் கோயில். சற்று தூரத்தில் பாப்டிஸ்டு சர்ச். பிறகு சீஸ்கஞ்ச் குருத்வாரா, அதை ஒட்டிச் சுனேரி மசூதி. தெருக்கோடியில் ஷாஜஹானின் மனைவியருள் ஒருவர் 1650இல் கட்டிய பதேபுரி மசூதி. எல்லாம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் அடக்கம். பறவை மருத்துவமனையைப் பார்த்த பிள்ளைக்கு அகிம்சை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. குருத்வாராவில் தலையை மூடி, தரையில் வரிசையாக அமர்ந்து லங்கர் சாப்பிட்ட பிள்ளைக்குச் சமபந்தி என்றால் என்ன என்று தெரியும்.

கடினமான இடமும் அங்கேதான் இருக்கிறது. சீஸ்கஞ்ச் என்பது 1675இல் ஒன்பதாவது குரு தேஜ் பகதூர் சிரச்சேதம் செய்யப்பட்ட இடம். ஆணையிட்டது ஔரங்கசீப்பின் ஆட்சி. இதைச் சொல்லும்போது கூட்டத்தில் முஸ்லிம் பிள்ளைகளும் நிற்பார்கள். சொல்லாமல் விடுவது சீக்கியப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. "அவர்கள் இப்படிச் செய்தார்கள்" என்று சொல்வது முஸ்லிம் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. ஆண்டைச் சொல்வேன், அரசன் பெயரைச் சொல்வேன், 'அவர்கள்' என்ற சொல் மட்டும் என் வாயில் வராது. பிறகு பத்தடி நடந்து சுனேரி மசூதியின் முன் நிறுத்துவேன். 1739இல் பாரசீகத்திலிருந்து படையெடுத்து வந்த நாதிர்ஷா, தில்லி மக்கள் வெட்டப்படுவதை இங்கிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டச் சொன்னவன் முஸ்லிம். தோற்ற மொகலாயச் சக்கரவர்த்தி முகம்மது ஷாவும் முஸ்லிம். செத்த மக்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். இந்த இரண்டு கட்டடங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பது சரித்திர ஆசிரியனுக்குக் கிடைத்த வரம். பாட நூலில் இவை வெவ்வேறு அத்தியாயங்களில் வரும், தேர்வுக்கு வெவ்வேறு பருவங்களில் வரும்.

பள்ளி செய்யாவிட்டால் இதைப் பெற்றோரே ஒரு ஞாயிறன்று செய்யலாம். காலை எட்டு மணிக்குப் போனால் நெரிசல் இராது. கால் கழுவவும் தலையை மூடவும் ஒரு துண்டு கொண்டு போங்கள்.

தமிழ் வகுப்புக்கும் இதில் பங்கு உண்டு. நம் இலக்கியத்தைப் பிள்ளைகளுக்குச் சற்றே திறந்து காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஜைனர் எழுதிய சிந்தாமணி, பௌத்தரின் மணிமேகலை, இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரின் தேம்பாவணி, உமறுப்புலவரின் சீறாப்புராணம், எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். எல்லாமே ஒரே மொழியில், ஒரே யாப்பு மரபில் வந்தவை. மணிமேகலையில், வஞ்சி மாநகரத்தில் அவள் வேற்றுருக் கொண்டு பத்துச் சமயவாதிகளை அணுகி, உங்கள் கொள்கை என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்கும் காதை ஒன்று இருக்கிறது. அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி. காவியம் பௌத்தருடையது என்பதால் எதிலும் மனம் நிறையாமல் அவள் காஞ்சியில் அறவண அடிகளிடம் போய்ச் சேர்கிறாள். பள்ளிக்கூடம் அந்தக் கடைசி அடியை எடுத்து வைக்கக் கூடாது, கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்கும் முறைக்கு இதைவிட நல்ல மாதிரி வேண்டுமா?

ஜூலையில் வகுப்பு தொடங்கும்போது பெரிய பிள்ளைகள் பத்துப் பேருக்கு இந்தப் பத்து வேடங்களைக் கொடுத்து, ஒவ்வொருவரும் தம் வாதியின் கொள்கையை ஐந்து நிமிடம் சொந்தத் தமிழில் பேசும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கலாம். இப்போதைக்குப் பூதவாதி வேடத்துக்கு மட்டும் ஆறு பேர் போட்டியிடுகிறார்கள். அவர் பேசுவது பேய் பிசாசைப் பற்றி அல்ல, கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஒப்புக்கொள்ளாத ஆசாமி அவர் என்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.